பத்தடி இடம்

வெளியூர் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டு வாண்டு ஓடி வந்து கேட்கிற முதல் கேள்வி என்ன? ‘பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?’ என்றா? ‘எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?’ என்றுதானே?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. திருநெல்வேலி என்றால் அல்வா. மணப்பாறை என்றால் முறுக்கு. கோவில்பட்டியில் பஸ் நின்றால் கடலைமிட்டாய் ஜன்னல் வழியாகவே மடியில் வந்து விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர்கள் ஆண்டாளைப் பார்க்காமல்கூட வந்துவிடுவார்கள், பால்கோவா வாங்காமல் வரமாட்டார்கள். கோடையில் பண்ருட்டி வழியாக வந்தால் கார் டிக்கியில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருக்கும். அந்த வாசனை ஒரு வாரம் போகாது. தஞ்சாவூருக்குத் தலையாட்டி பொம்மை, பத்தமடைக்குப் பாய், திண்டுக்கல்லுக்குப் பூட்டு.

இப்போது சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் போய் வந்தால் என்ன வாங்கி வர வேண்டும்? ஒரகடம் போய் வந்தால்?

யோசிக்கிறீர்கள், இல்லையா? கார் வாங்கி வரலாம்! 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு புல்லட். நடுவில் செல்போன், டயர், டி.வி., வாஷிங் மெஷின். உலகத்துக்கே சாமான் செய்து அனுப்புகிற தடம் இது. ஆனால் அந்த வழியாகப் போகிற மனிதன் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வர, ஐம்பது ரூபாயில் ஒரு பொருள் கிடையாது.

பொருள் கிடையாது என்பது பொய். வைத்து விற்க இடம் கிடையாது. இந்த வாரம் என் சண்டை அதைப் பற்றித்தான்.

போன மே மாதம் ஒரு வேலையாக ஒரகடம் போயிருந்தேன். படப்பை வழியாகப் போய், ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திரும்பினேன். மதிய வெயிலில் தார் ரோடு தண்ணீர் மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கிழிந்த குடைக்குக் கீழே ஓர் அம்மா நுங்கு சீவிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்த அம்மா சீவுகிற வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மூன்று வெட்டு. மூன்று கண்ணும் திறந்துவிடும். கட்டை விரலை விட்டு ஒரு நெம்பு, சுளை முழுசாக ஓலையில் வந்து உட்காரும். ஒரு சொட்டு நீர் சிந்தாது.

நான் நாலாவது சுளையில் இருந்தபோது ஒரு ரோந்து வண்டி வந்து ஹாரன் அடித்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார், குடையை மடக்கினார், இருபதடி நடந்து போய் மறுபடி விரித்தார். ஐந்து நிமிடம் கழித்து வண்டி திரும்பி வந்தது. மறுபடி தூக்கல். மறுபடி நடை. நானும் ஓலையை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனேன். கல்யாண வீட்டில் பந்தி மாறிய மாதிரி இருந்தது.

“எங்கதாம்மா நிக்கச் சொல்றாங்க?” என்றேன்.

“அதத்தான் சார் நானும் கேக்கறேன். இந்தாண்ட நின்னா கம்பெனி கேட்டு. அந்தாண்ட நின்னா சர்வீஸ் ரோடு. பாலத்துக்கு அடியில நின்னா போலீசு. ஏரிக்கரையில மரம் நிக்குது, அத ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுல காய்ச்சத வித்தா தப்பு.”

இதையெல்லாம் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? டஜனுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொன்னேன். அவரும் குறைத்தார்.

அங்கிருந்து புறப்பட்டு அடுத்த அரை மணியில் நெடுஞ்சாலையோரம் ஓர் ஏ.சி. உணவகத்தில் காபி குடித்தேன். அந்தக் காபியின் விலைக்கு அந்த அம்மாவிடம் இன்னும் ஒரு டஜன் சுளை வாங்கியிருக்கலாம். அங்கே நான் பேரம் பேசவில்லை. பேசினால் மரியாதை போய்விடுமே! வாசலில் ஒரு பழக்கடை. மே மாதத்தில், மாம்பழமும் பலாவும் நுங்கும் கிர்ணியும் கொட்டிக் கிடக்கிற மாதத்தில், அங்கே அடுக்கி வைத்திருந்தது ஆப்பிள். காஷ்மீர் ஆப்பிளுக்கு அது சீசன் இல்லை. ஆக, கப்பலேறி, குளிர்பதனக் கிடங்கில் தூங்கி எழுந்து வந்த வெளிநாட்டு ஆப்பிள். நெற்றியில் ஸ்டிக்கர் வேறு. பக்கத்தில் ‘நினைவுப் பரிசுகள்’ என்று பலகை. தஞ்சாவூர்க் கோபுரம் பொறித்த ஒரு பிளாஸ்டிக் சாவிக் கொத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாண்டிடம் கொடுத்தேன். அது புரட்டிப் பார்த்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தது: சீனாவில் தயாரிக்கப்பட்டது.

ஒரகடம் போய் வந்ததற்கு அடையாளம், தஞ்சாவூர்ப் படம் போட்ட சீனா சாமான். எப்படி இருக்கிறது?

சரி, இந்தத் தடத்தில் அப்படி என்னதான் விளைகிறது என்று கேட்பீர்கள். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. கூடவே இலந்தை. மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி. சித்திரை பிறந்தால் நுங்கு. மதுராந்தகம், திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி லாரியில் வந்து குவியும். ஆனி, ஆடியில் நாவல். தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வோமே, அதே நாவல். ஆவணியில் பனம்பழம், சீத்தா. கொய்யா அநேகமாக வருஷம் முழுக்க. எதிலும் ஸ்டிக்கர் இருக்காது. பெரும்பாலானவை நாலு நாளைக்கு மேல் தாங்காது. அதனால்தான் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழங்களைப் பிடிக்காது. நாவலை மூன்று நாள் வைத்து விற்க முடியுமா? அதை அன்றைக்குப் பறித்து அன்றைக்கே, பறித்த ஊரிலேயே விற்றாக வேண்டும். வழிப்போக்கனை நம்பி வாழ்கிற பழம் அது. அந்த வழிப்போக்கன் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டால் அது மண்ணில்தான் விழும்.

ஒரு வேடிக்கை. ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பண்ருட்டி இருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பலாப்பழப் பண்ருட்டி வேறு, இது வேறு. இங்கே காய்ப்பது தொழிற்சாலைகள்.

உடனே ‘இவன் தொழிற்சாலைக்கு எதிரி’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாசலுக்கு வரும் கம்பெனி பஸ் - இதையெல்லாம் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ஒன்பது வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு பனங்கொட்டையைப் போட்டால் முதல் குலை நுங்கு தள்ள அதைவிட அதிக வருஷம் ஆகும். ஆனால் காய்க்க ஆரம்பித்த மரம் தாத்தாவுக்குப் பிறகு பேரனுக்கும் காய்க்கும். நிலம் கையகப்படுத்தும்போது யாராவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்களா? 2021-ல் தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டபோது, பனையை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். ரொம்ப சந்தோஷம். மாநில மரத்துக்குக் காவல் கிடைத்துவிட்டது. அதன் காயை விற்கிறவருக்கு?

விற்கிறவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2014-ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். கமிட்டி போட வேண்டும், அதில் வியாபாரிகளுக்கே நாற்பது சதவிகித இடம், கணக்கெடுப்பு நடத்தாமல் யாரையும் துரத்தக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் அதன் முதல் வரியே ‘நகர்ப்புறத் தெரு வியாபாரிகள்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. பாண்டி பஜாரில் பாசிமணி விற்கிறவருக்கு அது குடை. ஒரகடத்தைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் கிராம ஊராட்சிகள். பார்த்தால் நகரம், பத்திரத்தில் கிராமம். அந்த அம்மாவின் கிழிந்த குடைதான் அவருக்குச் சட்டம்.

‘நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தினால் விபத்து நடக்காதா சார்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நடக்கும். நிச்சயம் நடக்கும். லாரிக்குப் பின்னால் கார் சொருகிக்கொண்ட காட்சியை இந்த ரோட்டில் நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் ரோட்டோரத்தில் நிற்கவிடு என்று கேட்கவில்லை. ரோட்டை விட்டு விலகி நிற்க ஓர் இடம் கொடு என்கிறேன். இது நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. மத்திய அரசே 2021-ல் ஒரு திட்டம் சொன்னது. நெடுஞ்சாலைகளில் முப்பதிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு வசதி மையம், நாடு முழுக்க அறுநூறுக்கும் மேல். பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறையோடு, அந்தந்த ஊர் ஜனங்கள் தங்கள் விளைச்சலையும் கைவினைப் பொருளையும் விற்க ஒரு கிராமச் சந்தையும் அங்கே இருக்குமாம். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் எடுக்கிற ஆள் பெட்ரோல் பங்க்கையும் பீட்சா கடையையும் முதலில் கட்டுவார். கிராமச் சந்தையை எப்போது கட்டுவார் என்று யாராவது கேட்டால்தானே கட்டுவார்?

ரயில்வேக்காரர்கள் 2022-ல் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனில் ஒரு சின்னக் கடை, அந்த ஊர்ப் பொருள், உள்ளூர்க்காரர் விற்கிறார். கோளாறுகள் இருக்கலாம். ஆனால் இடம் கொடுத்தார்களா, இல்லையா? 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோதும் ‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்றார்கள். நடந்தது. நகரத்துக்குள் நடந்தது நெடுஞ்சாலையில் மட்டும் நடக்காதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள், ‘மிச்சி-நோ-எகி’ என்றால் என்னவென்று. சாலை நிலையம் என்று அர்த்தம். 1993-ல் நூறு சொச்சம் நிலையங்களோடு ஆரம்பித்தார்கள். இன்று ஆயிரத்து இருநூறுக்கும் மேல். டிரைவர் காலை நீட்ட இடம், சுத்தமான கழிப்பறை, பக்கத்திலேயே உள்ளூர் விவசாயிகளின் காய்கனிக் கடை. பல இடங்களில் பழத்தின் மேல் அதை விளைவித்தவரின் பெயர் இருக்கும். விலையையும் அவரே எழுதி வைப்பார். சாயங்காலம் விற்காமல் மிஞ்சியதை அவரே வந்து எடுத்துப் போவார். நடுவில் தரகு மண்டி கிடையாது. இதை நடத்துவதில் முக்கியப் பங்கு உள்ளூராட்சிக்கு. அந்த நாட்டிலிருந்து கார் செய்கிற வித்தையை வரவேற்றோம். கார் போகிற ரோட்டில் பழம் விற்கிற வித்தையை விட்டுவிட்டோம்.

பழம் போகட்டும். கைவேலைக்கு வருவோம்.

இதே ரோட்டில் சுங்குவார்சத்திரம் தாண்டிப் போனால் காஞ்சிபுரம். அங்கே பட்டு வாங்காமல் திரும்புகிற தமிழ்ப் பெண்மணியை நான் பார்த்ததில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். ஒரிஜினல் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று ஓடம் ஓட வேண்டும். இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அந்த உதவி ஆள் அநேகமாக நெசவாளியின் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருப்பார். இன்று அந்தப் பிள்ளை எங்கே? விடிகாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். ஸ்ரீபெரும்புதூர் தடத்தின் இன்னொரு முனை காஞ்சிபுரத்துத் தறிக் குழிக்குள் இருக்கிறது. நாடு முழுவதும் எடுத்த கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் 43 லட்சம் பேர். 2019-20-ல் 35 லட்சம்.

பிள்ளை போனது தப்பா? இல்லை. அவன் தறியில் உட்கார்ந்தால் நாம் என்ன கொடுக்கத் தயாராக இருந்தோம் என்பதுதான் கேள்வி. நாம் காஞ்சிபுரத்தில் எப்படி வாங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் வாசலில் ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். ‘நேரா நெசவாளர் வூட்டுக்கே கூட்டிப் போறேன் சார்’ என்பார். போனால், முன்னறையில் பார்வைக்கு ஒரு தறி. பின்னறையில் அடுக்கடுக்காகப் புடவை. அதில் எது கைத்தறி, எது விசைத்தறி என்று உங்களுக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டீர்கள். ‘ஏழாயிரம் சொல்றான், நாலாயிரத்துக்கு அடிச்சேன்’ என்று ஊருக்கு வந்து பெருமை. நாலாயிரத்துக்குள் பட்டு, ஜரிகை, கூலி, கடை வாடகை, கூட்டி வந்தவரின் கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். அடங்குமா? பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. எங்கேயோ ஒரு பொய் இருந்தால்தான் அது டேலி ஆகும். அந்தப் பொய்யை நாம்தான் கேட்டு வாங்குகிறோம்.

கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகம். பிறகு 11 ஆனது. அதில் புடவையும் உண்டு. சட்டப் புத்தகத்தில் தறி பத்திரமாக இருக்கிறது. அதே காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, 1953-ல் நெசவாளர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் தவித்தபோது, திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தானே சுமந்து விற்றார். அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள், ஆள்கிறவர்கள் எத்தனை பேர்! மூட்டையைச் சுமக்க வேண்டாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த நெடுஞ்சாலையில் ஒரு கடை கொடுத்தால் போதும்.

பட்டு வாங்க வசதியில்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு? காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் கூட்டம் நெரியும். மற்ற மாதங்களில் அந்தத் தெரு நம் ஞாபகத்திலேயே இருக்காது. ஸ்ரீபெரும்புதூரோ ராமானுஜர் அவதரித்த ஊர். 2017-ல் அவருக்கு ஆயிரமாவது ஆண்டு. எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பக்கத்து ஊர்க் குயவர் கையால் செய்த ஒரு சாண் உயர ராமானுஜரை வாங்க அந்த நெடுஞ்சாலையில் ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது? தமிழக அரசின் பூம்புகார் 1973-லிருந்து இருக்கிறது. அண்ணா சாலையில் கடை வைத்தால் போதுமா? ஆட்கள் போகிற வழியில் வைக்க வேண்டாமா?

பயணி என்றால் கேமரா மாட்டிய டூரிஸ்ட் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கென்று சிப்காட் ஒரு பிரம்மாண்ட விடுதியைத் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து, நாளெல்லாம் நின்றுகொண்டு செல்போன் பூட்டுகிற பெண்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போவார்கள். வெறுங்கையோடு போவார்களா? அவளுடைய தம்பியும் வாசலில் நின்று ‘என்ன வாங்கிட்டு வந்தே?’ என்றுதான் கேட்பான். அவள் பூட்டிய போனை அவளால் வாங்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போவாள். அந்த பிஸ்கட் அவள் ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தொழிற்சாலைகள் தீபாவளிக்குக் கொடுக்கிற பெட்டியைத் திறந்தால் கலிஃபோர்னியா பாதாம். பனை ஓலைப் பெட்டியில் அரைக் கிலோ கருப்பட்டி போட்டுக் கொடுத்தால் என்ன கம்பெனி கவிழ்ந்துவிடுமா?

2022-ல் பரந்தூருக்கு விமான நிலையம் அறிவித்தார்கள். ஏகனாபுரத்து மக்கள் நிலத்தைக் கொடுக்கமாட்டோம் என்று போராடினார்கள். அது தனிச் சண்டை, இன்னொரு வாரம் எழுதுகிறேன். விமான நிலையம் வந்தால் ஒன்று மட்டும் நிச்சயம் நடக்கும். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில், மெல்லிசாக வீணை ஒலிக்க, பனை ஓலைக் கிலுகிலுப்பை ஒன்றை வெல்வெட் துணி மேல் வைத்து டாலர் விலை ஒட்டியிருப்பார்கள். நம் ஆட்களே பேரம் பேசாமல் வாங்குவார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஒவ்வொரு சிப்காட் வளாகத்தின் வாசலுக்கும் பக்கத்தில், ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் அப்பால், வண்டிகள் ரோட்டை விட்டு இறங்கி நிற்க ஒரு வளைவு. அங்கே தலைக்குப் பத்தடி இடம். மேலே ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. அந்த ஒன்றியத்துக்காரர்களுக்கு மட்டும். ஊராட்சி மன்றத்திடம் பொறுப்பு. வாடகை நாளுக்குப் பத்து ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தொழிலுக்கென்று எடுத்துக் கொடுத்த அரசுக்கு இது ஒரு பெரிய காரியமா?

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது கூட்டுறவுச் சங்கத்தில் நுழைந்து, கைத்தறி முத்திரை எங்கே என்று வாயைத் திறந்து கேளுங்கள். வழியில் பாதுகாப்பாக நிறுத்த முடிகிற இடத்தில் கூடை தெரிந்தால் நிறுத்துங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள்.

ஜூலையில் நாவல் சீசனில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். அந்த அம்மாவைக் காணோம். அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு டீக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு படி நாவல் அளந்து போட்டார். மே மாதம் குறைத்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “ஜாஸ்தியா குடுத்துட்ட சார்” என்று இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. “அட, எல்லாருந்தான் சார் கொறைக்கச் சொல்றாங்க” என்றார்.

பத்தடி இடம் கேட்டுச் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.